எல்க்கார்ட் டிரெய்லரும் கரூர் மாமாவும்

நாங்கள் வாங்கிய டிரெய்லரின் (காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் நடமாடும் வீடு) பிராண்டுப் பெயர் இந்த மதிப்புரையில் வராது. அதை எழுதினால் உங்களுக்குப் பெரிய பிரயோஜனம் இல்லை, அதுதான் காரணம். அமெரிக்காவில் தயாராகும் ஆர்விக்களில், அதாவது இப்படி உள்ளேயே தங்கிப் பயணம் போகும் வண்டிகளில், பத்துக்கு எட்டு இந்தியானா மாநிலத்தில் கட்டப்படுகின்றன. அதிலும் பெரும்பகுதி எல்க்கார்ட் ஊரைச் சுற்றியுள்ள ஷெட்டுகளில்தான். சேஸியை, அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தை, பெரும்பாலும் லிப்பர்ட் என்ற ஒரே கம்பெனி செய்து தருகிறது. ஏசி, அடுப்பு, ஹீட்டர் எல்லாம் டோமெட்டிக், ஃபியூரியன், சபர்பன் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில கம்பெனிகளிடமிருந்து வருகின்றன. ஜன்னலும் கதவும்கூட அப்படித்தான்.

சரி, பெயர்ப்பலகைகளாவது வெவ்வேறு முதலாளிகளுடையவையா என்றால் அதுவும் இல்லை. ஜேக்கோ, கீஸ்டோன், ஏர்ஸ்ட்ரீம் மூன்றும் தோர் இண்டஸ்ட்ரீஸ் வீட்டுப் பிள்ளைகள். ராக்வுட், ஃபிளாக்ஸ்டாஃப், கோச்மென் எல்லாம் ஃபாரஸ்ட் ரிவர். அந்த ஃபாரஸ்ட் ரிவர் 2005லிருந்து வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாதவே கையில். கிராண்ட் டிசைனையும் நியூமாரையும் வின்னபேகோ வாங்கிவிட்டது. டீலர் முற்றத்தில் ஐம்பது பெயர்களைப் பார்த்து மலைக்கும்போது இந்த மூன்று வீடுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

ஆகவே இது ஒரு வண்டியைப் பற்றிய மதிப்புரை என்பதோடு, அந்த வண்டியைக் கட்டிய ஊரைப் பற்றிய மதிப்புரையும்தான்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். கார் உதிரிபாகத் தொழிலில் தரக் கட்டுப்பாடு என் வேலை. ஸ்ரீபெரும்புதூரில் ஆரம்பித்து இப்போது மிச்சிகனில் அதே வேலை. ஒரு போல்ட்டை எத்தனை நியூட்டன் மீட்டரில் முறுக்க வேண்டும், முறுக்கியதற்குப் பதிவு எங்கே, பதிவு இல்லையென்றால் அந்தப் பாகம் ஏன் இன்னும் லாரியில் ஏறுகிறது என்று கேட்டுச் சம்பளம் வாங்குகிற ஆள். இந்தக் கண்ணோடு ஆர்வி வாங்கப் போவது சிரமம். ஆனால் வாங்க வேண்டிய நிலை வந்தது. பிள்ளைகளுக்குக் கூடாரம் பிடிக்கும். கரூரிலிருந்து வந்திருந்த மாமாவுக்கும் அத்தைக்கும் தரையில் படுத்தால் எழுந்திருக்க முட்டி ஒத்துழைக்காது. லேக் மிச்சிகன் கரையோரம் லூடிங்டன், சில்வர் லேக் என்று இத்தனை அருமையான ஸ்டேட் பார்க்குகள் இருக்கும்போது, ஒவ்வொரு தடவையும் மோட்டல் எடுத்துத் தங்க மனசு வரவில்லை.

வாங்கியது 26 அடி டிராவல் டிரெய்லர். முன்னால் ஒரு பெரிய படுக்கை, பின்னால் பிள்ளைகளுக்கு அடுக்குப் படுக்கை, நடுவில் சோபாவும் மேஜையும் இருக்கிற பகுதி மோட்டாரில் வெளியே நகர்ந்து அறையை அகலமாக்கும். அதற்கு ஸ்லைடு என்று பெயர். வெறும் எடை சுமார் 5,600 பவுண்டு. விலை 30,000 டாலருக்குக் கொஞ்சம் கீழே. ஸ்டிக்கரில் போட்டிருந்த விலைக்கும் இதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது, ஆகவே ஸ்டிக்கர் விலையைப் பார்த்து யாரும் பயப்படவும் வேண்டாம், தள்ளுபடியைப் பார்த்துப் பூரிக்கவும் வேண்டாம்.

மாமாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் ஃபிட்டராகச் சேர்ந்து மேஸ்திரியாக ஓய்வுபெற்றவர். தமிழ்நாட்டில் நீங்கள் ஏறிய தனியார் பஸ்களில் பலவற்றுக்குக் கரூரில்தான் பாடி கட்டியிருப்பார்கள். சேஸி மட்டும் கம்பெனியிலிருந்து வரும். கூரையில்லாமல், கண்ணாடி இல்லாமல், டிரைவர் தலையில் துண்டு கட்டிக்கொண்டு ஓட்டி வருவார். அதன்மேல் இரும்புக் குழாய்ச் சட்டம் எழுப்பி, தகடு போர்த்தி, சீட்டு போட்டு, பெயிண்ட் அடித்துப் பஸ்ஸாக அனுப்புவார்கள். யாரோ செய்த சேஸிமேல் இன்னொருவர் வீடு கட்டுவது என்ற வகையில் எல்க்கார்ட்டும் கரூரும் ஒரே தொழில்தான். எங்கள் டிரெய்லருக்கு இவரைவிடத் தகுதியான விமர்சகர் மிச்சிகனில் கிடைத்திருக்க மாட்டார்.

வண்டி வீட்டு வாசலுக்கு வந்ததும் மாமா சுற்றி நடந்தார். விரல் முட்டியால் சுவரைத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார். இன்னும் ஓரிடத்தில் தட்டினார்.

“பஸ்ஸுனா உள்ள சட்டம் நிக்கும் அம்மணி. இதுல என்ன நிக்குது?”

“மரம்ங்க மாமா.”

“மரமா?”

மரம்தான். ஒன்றரை அங்குலச் சதுரக் கட்டைகளில் சட்டம். இடையில் பஞ்சு மாதிரி இளஞ்சிவப்புக் கண்ணாடி இழை. உள்பக்கம் மூன்று மில்லிமீட்டர்கூட இல்லாத லவான் பிளைவுட், அதன்மேல் ஒட்டிய பூப்போட்ட காகிதம். வெளிப்பக்கம் நெளிவுபோட்ட அலுமினியத் தகடு. விலை குறைந்த டிரெய்லர்களில் பெரும்பாலும் இந்தக் கட்டுமானம்தான். இதற்கு மேல்படி, அலுமினியச் சட்டத்தில் நுரைப்பலகையையும் ஃபைபர்கிளாஸையும் சேர்த்து அழுத்தி ஒட்டிய சுவர். பார்க்க வழவழவென்று அழகாக இருக்கும். ஆனால் அதில் தண்ணீர் இறங்கிவிட்டால் ஒட்டு விட்டுச் சுவர் பலூனாக உப்பும், சரிசெய்ய ஆகும் செலவு வண்டி விலையில் ஒரு நல்ல பங்கைத் தின்றுவிடும். எங்கள் தகடு அழகில்லை. ஆனால் கழற்றலாம், உள்ளே பார்க்கலாம், மரத்தை மாற்றலாம். இரண்டுக்கும் நடுவில் நான் யோசித்துத்தான் தகட்டைத் தேர்ந்தெடுத்தேன். லவானுக்குப் பதில் அஸ்டெல் என்ற, ஊறிப்போகாத பலகை போட்ட வண்டிகளும் இருக்கின்றன. பட்ஜெட் இடம் கொடுத்தால் அவற்றைப் பாருங்கள்.

அப்புறம் உள்ளே போனோம். இங்கேதான் என் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. முன்படுக்கையைத் தூக்கினால் அடியில் பெட்டி. அங்கே ஒரு கைப்பிடி மரத்தூள், வெட்டிப்போட்ட வெள்ளை பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகள், இரண்டு ஸ்க்ரூ, ஒரு தச்சர் பென்சில். பெட்டியின் சுவரில் ஸ்டேப்பிள் வரிசை. பலகையைப் பின்னால் இருக்கும் கட்டையோடு சேர்க்க அடித்தவை. எட்டு ஸ்டேப்பிளில் மூன்று கட்டையில் பிடித்திருந்தன. மீதி ஐந்தும் கட்டையைத் தவறவிட்டு மறுபக்கம் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றன. மாமா ஒன்றை நகத்தால் நெம்பினார், கையோடு வந்துவிட்டது.

“இத்தன ஆணிய அடிச்சவன் மரம் எங்க இருக்குதுன்னு பாக்கலியா?”

இதே ஸ்டேப்பிள் கூட்டத்தில் ஒன்று பின்விளக்கு வயரைத் துளைத்திருந்தது. வலப்பக்க இண்டிகேட்டர் போட்டால் ஃப்யூஸ் போகும். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு முழு சனிக்கிழமை பிடித்தது. குளியலறைத் தொட்டியின் கழிவுக் குழாய் இணைப்பு கையால்கூட இறுக்கப்படவில்லை. ஸ்லைடு உள்ளே வரும்போது தரை வினைலை உரசிக்கொண்டு வந்தது. சமையல் அலமாரிக் கதவில் கீலுக்கு நாலு ஸ்க்ரூ போட ஓட்டை இருந்தது, போட்டிருந்தது மூன்று. இவையெல்லாம் டீலர் தன் ஆளை வைத்துச் சோதித்து, ‘எல்லாம் சரி’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வண்டியில்.

கூரைதான் முக்கியம். எழுபதைத் தாண்டிய மனிதர், வேண்டாம் என்று அத்தை கத்தக் கத்த ஏணியில் ஏறிவிட்டார். ஆர்வி கூரை ஒரு ரப்பர் விரிப்பு. ஏசி, காற்றுப்போக்கி, ஆன்டெனா என்று எங்கெல்லாம் ஓட்டை போட்டிருக்கிறார்களோ அங்கெல்லாம் தானாகப் பரவிப் படியும் ஒரு சீலன்ட்டை ஊற்றியிருப்பார்கள். மாமா அந்தப் பட்டையின் மேலே கட்டை விரலை வைத்து விளிம்பு நெடுகத் தடவிக்கொண்டே போனார். முன்மூலையில் விரல் நின்றது. அங்கே சீலன்ட் ஒரு விரற்கடை அகலத்துக்கு இல்லவே இல்லை. கீழே தகட்டின் வெட்டுவிளிம்பு தெரிந்தது.

“பட்டி பாக்கறவன் சாப்பாட்டுக்குப் போயிட்டான்” என்றார்.

வேறெந்தக் குறையையும் நான் மன்னிப்பேன், இதை மன்னிக்க மாட்டேன். ஆர்வியைக் கொல்வது விபத்து அல்ல, தண்ணீர்தான். அந்த ஒரு விரற்கடை வழியாக இரண்டு மழைக்காலம் இறங்கினால் மூலைக்கட்டை ஊறி, மென்மையாகி, படுக்கைக்கு மேல் கூரை தொங்கும். நாற்பது டாலர் சீலன்ட் வாங்கி நாங்களே மூடினோம்.

இவ்வளவுக்கும் பிறகு எனக்குக் கோபத்தைவிட ஆர்வம்தான் அதிகம் வந்தது. இதை எப்படிக் கட்டுகிறார்கள்? எங்கள் வீட்டிலிருந்து எல்க்கார்ட் மூன்று மணி நேரத்துக்குள்தான். மாமாவையும் கூட்டிக்கொண்டு போய்வந்தேன். டிரெய்லர் வாங்க நினைக்கும் யாரும் டீலர் முற்றத்துக்குப் போகும் முன் இந்தப் பயணத்தை முடித்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

டோல் ரோட்டை ஒட்டியே ஆர்வி ஹால் ஆஃப் ஃபேம் மியூசியம் இருக்கிறது. முழு மதிப்பெண். 1913இல் ஒரு பேராசிரியருக்காக லாஸ் ஏஞ்சலஸில் செய்த எர்ல் டிரெய்லர் அங்கே நிற்கிறது, கூடவே அதை இழுத்த மாடல் டி ஃபோர்டு. நடிகை மே வெஸ்டுக்காக 1931இல் செய்த வீட்டுவண்டியும் உண்டு. பழைய வண்டிகள் பலவற்றுக்குள் ஏறிப் பார்க்க விடுகிறார்கள். மாமா ஓர் அரைநாளை அங்கே கழித்திருப்பார். 1930களின் வண்டிகளில் மர வேலையைக் காட்டி, இந்தக் கை எங்கே போச்சு என்று கேட்டுக்கொண்டே வந்தார். பழையதெல்லாம் நல்லது என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை கிடையாது. நல்லபடி கட்டியவை மட்டும்தான் மியூசியம் வரை உயிரோடு வந்திருக்கின்றன, மோசமானவை அப்போதே மக்கிப்போயிருக்கும். அதை அவரிடம் சொல்லவில்லை.

ஊர் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. நீளமான தாழ்ந்த ஷெட்டுகள், மரக்கடைகள், வரிசை வரிசையாக வெள்ளை டிரெய்லர்கள் நிற்கும் பொட்டல். சாலையில் பின்பக்கம் இரட்டைச் சக்கரம் போட்ட பிக்கப்புகள் புத்தம்புது டிரெய்லர்களை இழுத்துக்கொண்டு நாலு திசைக்கும் போகின்றன. மிடில்பரி பக்கம் திரும்பினால் காட்சி மாறும். குதிரை வண்டிகளும், வைக்கோல் தொப்பி போட்டு சைக்கிள் மிதிக்கும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவு ஆட்களும். அமெரிக்காவின் பெரிய ஆமிஷ் குடியிருப்புகளில் இது ஒன்று. கார் வைத்துக்கொள்ளக் கூடாது என்ற கட்டுப்பாட்டில் வாழும் இவர்களில் கணிசமான பேர் ஆர்வி ஆலைகளில் வேலை செய்கிறார்கள். விடிவதற்கு முன் வாடகை வேன் வந்து வீடு வீடாக ஏற்றிப்போகும். ஜேக்கோவை 1968இல் மிடில்பரியில் தொடங்கிய லாய்ட் பான்ட்ரேகரே ஆமிஷ் குடும்பத்தில் வளர்ந்தவர்.

அங்கே ஓர் ஆலையைச் சுற்றிப் பார்த்தோம். கார் ஆலை பார்த்த கண்ணுக்கு முதல் அதிர்ச்சி, ரோபோ என்று ஒன்றுகூட இல்லை. சேஸி வருகிறது, அதன்மேல் தரைப்பலகை, உடனே வினைல் விரிப்பு. ஒரே துண்டாக முழுத் தரைக்கும் விரித்துவிடுகிறார்கள். அப்புறம் அலமாரி, கழிவறை, அடுப்பு எல்லாவற்றையும் தரைமேல் நிறுத்திவிட்டு, கடைசியில்தான் சுவரை வெளியிலிருந்து கொண்டுவந்து சாத்துகிறார்கள். உள்ளிருந்து வெளியே கட்டும் வீடு. மாமாவுக்கு இது ரொம்பப் பிடித்தது. “சுவரு நின்னாப்பறம் உள்ள பூந்து வேல செய்யறதுக்கு இது எத்தனையோ மேலு” என்றார். ஒரே துண்டு வினைலையும் மெச்சினார், இணைப்பில்லாத இடத்தில் ஒழுக்கு இல்லை என்பது அவர் கணக்கு.

ஆனால் வேகம். ஆட்கள் நடக்கவில்லை, ஓடுகிறார்கள். காற்றுத் துப்பாக்கியில் ஸ்டேப்பிள் அடிக்கும் சத்தம் ஒரு நிமிஷம் ஓயவில்லை. ஒரு வரிசையிலிருந்து ஒரு நாளைக்குப் பத்துக்கும் மேல் டிரெய்லர்கள் வெளியே வருகின்றன. இந்த வட்டாரத்தில் கூலி பெரும்பாலும் வண்டிக் கணக்குக்குத்தான். இன்று இத்தனை வண்டி என்று இலக்கு. முடித்தால் வீட்டுக்குப் போகலாம். விடியற்காலையில் தொடங்கியவர்கள் மத்தியானத்தில் கிளம்பிவிடுகிறார்கள், வண்டி நிறுத்துமிடம் காலியாகிவிடுகிறது. சம்பளம் மோசமில்லை, எல்க்கார்ட்டில் ஒரு நல்ல வருஷத்தில் ஆலைத் தொழிலாளி வாங்கும் பணம் பல படித்த வேலைகளைவிட அதிகம். ஆனால் கார் ஆலையில் ஒரு தவறு கண்ணில் பட்டால் யார் வேண்டுமானாலும் கயிற்றை இழுத்து வரிசையை நிறுத்தலாம். இங்கே நிறுத்தினால் கூடவே வேலை செய்யும் அத்தனை பேரும் வீட்டுக்குப் போகும் நேரம் தள்ளிப்போகும். யார் இழுப்பார்கள்?

சோதனையே இல்லை என்று நினைக்க வேண்டாம். கடைசியில் கேஸ் குழாய்க்கு அழுத்தம் கொடுத்துப் பார்க்கிறார்கள், தண்ணீர்க் குழாயைப் பார்க்கிறார்கள், மின்சாரத்தைப் பார்க்கிறார்கள். கதவுக்குப் பக்கத்தில் ஆர்விஐஏ என்ற தொழில் சங்கத்தின் முத்திரை ஒட்டியிருக்கும். டீலர்கள் அதைக் காட்டி, ‘தரச் சான்று’ என்பார்கள். என்எஃப்பிஏ 1192 என்ற விதித்தொகுப்பைப் பின்பற்றியிருக்கிறோம் என்பதுதான் அதன் அர்த்தம். அது தீ, கேஸ், அவசர வெளிவழி பற்றிய பாதுகாப்பு விதி. அந்த வகையில் எங்கள் வண்டியில் ஒரு குறையும் இல்லை. அலமாரிக் கதவில் நாலாவது ஸ்க்ரூ இருக்கிறதா என்பது அதன் கவலை அல்ல.

ஏன் இயந்திரம் போடக்கூடாது என்று எனக்கு முதலில் தோன்றியது. தொழிலின் எண்களைப் பார்த்தால் முதலாளி பக்க நியாயமும் புரியும். 2006இல் சுமார் 3.9 லட்சம் ஆர்விக்கள் ஆலைகளிலிருந்து போயின. 2009இல் அது 1.66 லட்சமாக விழுந்தது. அந்த பிப்ரவரியில் பதவியேற்று மூன்றே வாரமான ஒபாமா எல்க்கார்ட்டுக்கு வந்தார். வேலையில்லாதவர்கள் அப்போது 15 சதவீதத்தைத் தாண்டியிருந்தார்கள். பிறகு கொரோனாக் காலத்தில் ஊரே டிரெய்லர் வாங்கியது. 2021இல் 6 லட்சம், இதுவரை இல்லாத உச்சம். 2023இல் மறுபடி 3.13 லட்சம். இப்படி ஏறி இறங்கும் தொழிலில் கோடிகளைக் கொட்டி ரோபோ வாங்கினால் இறங்குகிற வருஷத்தில் அதற்கும் வட்டி கட்ட வேண்டும். ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடலாம், ரோபோவை அனுப்ப முடியாது. இதோடு, ஒவ்வொரு பிராண்டிலும் டஜன் கணக்கில் தரைத்திட்டங்கள், வருஷா வருஷம் மாற்றங்கள். ஒரே மாதிரி லட்சம் கார் செய்வது போன்ற வேலை அல்ல இது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஆலைக்குப் பணம் வருவது நீங்கள் வாங்கும்போது அல்ல. டீலருக்கு வண்டி கிளம்பியதுமே, டீலருக்குக் கடன் கொடுக்கும் நிதி நிறுவனம் ஆலைக்குப் பணத்தைக் கட்டிவிடும். வட்டி டீலர் தலையில் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் ஆலைக்கு வண்டியை வெளியே தள்ளும் அவசரம், டீலருக்கு விற்றுத்தள்ளும் அவசரம். நடுவில் நிதானமாக ஏணியில் ஏறிக் கூரையைத் தடவிப் பார்க்க யாருக்கும் காசு கிடையாது.

திரும்பி வரும்போது காரில் மாமா சொன்னதைத்தான் நான் பல மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். “எங்க பட்டறையிலயும் பீஸ் ரேட்டுதான் அம்மணி. வேகமாத்தான் செய்வோம். ஆனா பஸ் ஓனரு பக்கத்துலயே சேர் போட்டு உக்காந்திருப்பாரு. வாரம் ரெண்டு தடவ வந்துருவாரு. சீட்ட ஆட்டிப் பாப்பாரு, சண்ட போடுவாரு. அவரு பாக்கறாருன்னு தெரிஞ்சா கை தானா நிதானிக்கும்.” எல்க்கார்ட்டில் அந்தச் சேர் காலி. டிரெய்லரைக் கட்டுகிறவருக்கும் அதில் படுக்கப்போகிறவருக்கும் நடுவில் ஒரு லாரிக்காரர், ஒரு டீலர், ஒரு நிதி நிறுவனம். தொழிலாளியின் கைத்திறனில் நான் குறை காணவில்லை. அதே கைகள் அலமாரிச் சட்டங்களை எவ்வளவு சுத்தமாகச் சேர்த்திருக்கின்றன என்பதையும் எங்கள் வண்டியிலேயே பார்க்கிறேன்.

இதற்கு விதிவிலக்கு உண்டா என்றால், காசு இருந்தால் உண்டு. லூடிங்டனில் எங்களுக்குப் பக்கத்து இடத்தில் ஓர் ஏர்ஸ்ட்ரீம் நின்றது. அது இந்தியானாக்காரன் அல்ல, ஓஹையோவில் ஜாக்சன் சென்டர் என்ற சிற்றூரில் கட்டப்படுவது. அலுமினியத் தகடு, ஆயிரக்கணக்கில் ரிவிட். மாமா அனுமதி கேட்டு ரிவிட் வரிசையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இவன் பஸ்ஸு கட்டத் தெரிஞ்சவன்” என்று சான்றிதழ் கொடுத்தார். அதே நீளத்துக்கு விலை எங்களுடையதைப் போல மூன்று மடங்குக்கு மேல். அந்தப் பக்கம் நான் திரும்பியே பார்க்கவில்லை.

சரி, குறைகளைச் சரிசெய்தபின் வண்டி எப்படி? நன்றாகவே இருக்கிறது, ஆச்சரியம்தான். படுக்கை வசதி, பிள்ளைகளின் அடுக்குக் கட்டில், பெரிய ஜன்னல், ஏசி, குளிருக்கு கேஸ் ஹீட்டர் எல்லாம் சொன்னபடி வேலை செய்கின்றன. 12 வோல்ட் ஃப்ரிட்ஜ் மாவையும் தயிரையும் ஒழுங்காகக் காக்கிறது. அத்தை மூன்று பர்னர் அடுப்பில் இட்லிக் குண்டான் வைத்தே பழகிவிட்டார். ஆனால் தாளிப்பு வெளியில்தான். உள்ளே மிளகாய் வற்றல் கிள்ளிப்போட்டால் புகை அலாரம் பார்க்கையே எழுப்பிவிடும், அடுப்புக்கு மேலே இருக்கும் காற்றுப்போக்கி வெறும் பேருக்குத்தான். கம்பத்திலிருந்து வரும் மின்சாரம் 30 ஆம்பியர். ஏசி ஓடும்போது மைக்ரோவேவையும் கெட்டிலையும் சேர்த்துப் போட்டால் உடனே ட்ரிப் ஆகும்.

தண்ணீர்க் கணக்குதான் நம்மவர்களுக்கு இடிக்கும். இதை ஆங்கில மதிப்புரைகள் எதுவும் சொல்லாது. மிச்சிகன் ஸ்டேட் பார்க்குகள் பெரும்பாலானவற்றில் நம் இடத்துக்கு மின்சாரம் வரும், கழிவுக் குழாய் வராது. நல்ல தண்ணீர்த் தொட்டி 40 காலன், கழிவுத் தொட்டிகள் அதைவிடச் சிறியவை. கழிவறையில் தண்ணீர் பயன்படுத்தும் ஆறு பேர் கொண்ட வீட்டுக்கு, பிராண்டுக்காரர்கள் நினைத்த நாலு நாள் கணக்கு இரண்டு நாளில் தீரும். நிரம்பியதும் வண்டியையே இழுத்துக்கொண்டுபோய் வெளியேற்றும் நிலையத்தில் நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை அந்த வரிசை திருப்பதி வரிசை. சக்கரம் வைத்த தனித் தொட்டி ஒன்று வாங்கினோம், பிரச்சினை தீர்ந்தது. குளியல் பார்க் குளியலறையில்தான். வண்டியின் வெந்நீர் ஹீட்டர் 6 காலன், தலைக்கு ஊற்றுவதற்குள் ஆறிவிடும்.

இழுக்கும் வண்டியைப் பற்றி டீலர் சொல்வதை நம்பவே நம்பாதீர்கள். ‘உங்கள் எஸ்யூவி ஒன்பதாயிரம் பவுண்டு இழுக்கும், கவலையே வேண்டாம்’ என்பார்கள். இழுக்கும், உண்மைதான். ஆனால் டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் மஞ்சள் ஸ்டிக்கரைப் படியுங்கள். அது எவ்வளவு சுமக்கும் என்ற கணக்கு. எங்களுடையது 1,600 பவுண்டு சொச்சம். சாமான் ஏற்றிய டிரெய்லர் 7,000 பவுண்டு என்றால், அதில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் உட்காரும். 800 என்றே வையுங்கள். ஆறு பேர் ஏறினால் இன்னொரு 800 ஆச்சு. அரிசி மூட்டைக்கும் குக்கருக்கும் இடமில்லை, அவை டிரெய்லருக்குள் அச்சுக்கு நேர் மேலே போகும். வாங்கியதும் லாரிகள் நிற்கும் இடத்தில் எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். சில டாலர்தான்.

வாரன்டி ஒரு வருஷம். தாளில் பார்க்க நன்றாக இருக்கும். நடைமுறையில், கோடையில் டீலரிடம் விட்டால் வண்டி அவர்கள் முற்றத்தில் நிற்கும், நீங்கள் பார்க்குக்கு முன்பதிவு செய்ததை ரத்து செய்துகொண்டிருப்பீர்கள். ஸ்லைடு உரசலுக்காக ஒருமுறை விட்டோம். திரும்பி வந்தபோது உரசல் போயிருந்தது, வெளிச்சுவரில் ஒரு புதுக் கீறல் வந்திருந்தது. மற்றதையெல்லாம் மாமாவும் என் கணவரும் வாசலிலேயே முடித்தார்கள். ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியாத வீட்டுக்கு இந்த விலையில் புது டிரெய்லர் வேண்டாம் என்றே சொல்வேன். மூன்று நாலு வருஷம் ஓட்டி, முந்தைய சொந்தக்காரர் குறைகளைச் சரிசெய்து வைத்த பழைய வண்டி உங்களுக்கு உத்தமம். அதிலும் 2021, 2022இல் கட்டியவற்றைக் கொஞ்சம் கூடுதலாகவே தட்டிப் பாருங்கள். தேவை தலைக்கு மேல் ஏறி, புது ஆட்களை வைத்து இரவு பகலாக அடித்துத் தள்ளிய காலம் அது.

புதுசுதான் வேண்டும் என்றால், பணம் கட்டுவதற்கு முன் தனியாக ஓர் ஆர்வி இன்ஸ்பெக்டரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சில நூறு டாலர் ஆகும். கழற்றி மாட்டவும் ஏணியில் ஏறவும் டீலர் அனுமதிக்காவிட்டால் வேறு டீலரைப் பாருங்கள். எல்லாக் குழாயிலும் தண்ணீர் விட்டு, எல்லா விளக்கும் போட்டு, ஸ்லைடை உள்ளே வெளியே நகர்த்தி, ஹீட்டரும் ஏசியும் அரைமணி ஓடிய பிறகுதான் கையெழுத்து. அவர்கள் ‘இன்னிக்கு மாலைக்குள் முடித்தால் இன்னும் ஆயிரம் டாலர் குறைக்கிறேன்’ என்பார்கள். மாலைக்குள் முடிய வேண்டியது அவர்கள் மாதக் கணக்கு, உங்களுடையது அல்ல.

என் மதிப்பெண்: வடிவமைப்புக்கு ஐந்துக்கு நாலு, கட்டிய விதத்துக்கு இரண்டு, டீலர் சேவைக்கு ஒன்று, எல்க்கார்ட் மியூசியத்துக்கு ஐந்து. மாமாவைக் கேட்டேன், மதிப்பெண்ணெல்லாம் அவருக்குப் பிடிக்காது. அடுத்த கோடைக்கு வரும்போது கரூரிலிருந்து நல்ல ரிவிட் கன் ஒன்று கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். செக்-இன் பெட்டியில் போடச் சொல்லியிருக்கிறேன்.